தன்வரலாறா, சமூக ஆவணமா? காரித்தாஸ் பிர்க்கைமர் ‘நினைவுக்குறிப்புகள்’: ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

செருமனியின் நூரம்பர்க் நகரிலிருந்த புனித கிளாரா கன்னியர் மடம், 1524 முதல் 1528 வரை தனக்கு நேர்ந்தவற்றைத் தொகுத்து வைத்தது. மடத்தலைவி காரித்தாஸ் பிர்க்கைமர் (1467-1532) பெயரால் வழங்கும் இத்தொகுப்பை, 1852இல் கான்ஸ்டன்டின் ஹோஃப்லர் ‘நினைவுக்குறிப்புகள்’ என்னும் தலைப்பில் பதிப்பித்தார். பதிப்பாசிரியர் இட்ட இத்தலைப்பு, நூலை ஒரு தனிப்பெண்ணின் தன்வரலாறாக வாசிக்கத் தூண்டுகிறது. நூலின் அமைப்போ அவ்வாசிப்புக்கு முழுமையாக இடந்தரவில்லை.

தொகுப்பின் அமைப்பு

1525 மார்ச்சில் நடைபெற்ற சமய விவாதத்தையடுத்து நூரம்பர்க் நகரவை லூத்தரின் சீர்திருத்தத்தை ஏற்றது. கன்னியரின் ஆன்மிகப் பொறுப்பிலிருந்து பிரான்சிஸ்கன் துறவியர் விலக்கப்பட்டனர்; நகரவை அனுப்பிய போதகர்களின் மறையுரைகளைக் கேட்கும் கட்டாயம் மடத்துக்கு ஏற்பட்டது. இந்நிகழ்வுகளை நூல் உரைநடையாக மட்டும் கூறவில்லை. மடம் அளித்த விண்ணப்பங்கள், நகரவையின் மறுமொழிகள், உறவினர்க்கு எழுதிய மடல்கள், வந்த மடல்கள் ஆகியன படியெடுத்துச் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை இணைக்கும் பாலமாகவே விவரிப்பு அமைகிறது. ‘நான்’ என்னும் தன்மை ஒருமையோடு ‘நாங்கள்’ என்னும் பன்மையும் தொடர்ந்து ஒலிக்கிறது.

காஸ்பர் நூட்செலுடனான மடல்கள் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கவை. அவர் நகரவை அமர்த்திய மடப் பொறுப்பாளர். அம்மடத்துக் கன்னியர் ஒருவரின் தந்தையுமாவார். எதிர்த்தரப்பின் சொற்களைத் தம் சொற்களில் சுருக்காமல் அப்படியே நிறுத்துவதால், அச்சொற்களே சான்றாகின்றன. சட்ட அறிஞர் ஒருவரின் மகளான காரித்தாஸ், வழக்குக்குரிய கட்டுப்போல ஆவணங்களை அடுக்கியிருப்பது வியப்பன்று. மனச்சான்றை எவரும் வற்புறுத்தலாகாது என்னும் அவருடைய வாதம், கிறித்தவ விடுதலையைப் போதித்த சீர்திருத்தவாதிகளை நோக்கியே திருப்பப்படுகிறது.

மூன்று பெண்களின் குரல்

1525 ஜூனில், நற்கருணைப் பெருவிழாவுக்கு முந்தைய நாள், நகரின் செல்வாக்குமிக்க மூன்று குடும்பத்துத் தாய்மார் மடத்துக்கு வந்து, அழுது மறுத்த தம் மகள்களை வலிந்து அழைத்துச் சென்றனர். நூலின் உணர்ச்சி மிகுந்த பகுதி இதுவே. இங்கு மடல்கள் பின்னகர, உரையாடல் முன்வருகிறது. மகள்கள் தாய்மார்க்கு அளித்த மறுமொழிகள் நேர்க்கூற்றாகத் தரப்படுகின்றன.

தொகுப்பின் வலிமையும் வரம்பும் இவ்விடத்தில் ஒருங்கே வெளிப்படுகின்றன. நகரவையின் சொற்களுக்கு மடல் சான்றாக உள்ளது. இம்மூவரின் சொற்களுக்கோ மடத்தின் எழுத்தே சான்று. பின்னாளில் அவர்கள் என்ன எண்ணினர் என்பதற்கு இத்தொகுப்பில் அவர்தம் கையெழுத்து இல்லை. அவர்களின் உறுதியைப் போற்றும் ஆய்வாளர், அது மடம் காக்க விரும்பிய உறுதி என்பதையும் உடன் கருதவேண்டும். தாய்மாரின் நோக்கும் இதுபோன்றே ஒருதலையாகப் பதிவாகியுள்ளது.

எனினும் இந்நூலைச் சார்புரை என ஒதுக்குதல் பொருந்தாது. அதே ஆண்டின் இறுதியில் மடத்துக்கு வந்த மெலாங்தன், சீர்திருத்தத்தின் முன்னணி அறிஞர். அவர் வன்முறையை ஏற்காததையும் அவரது பண்பையும் நூல் மதிப்புடன் பதிகிறது. எதிரணியில் நின்றவரின் நேர்மையை ஒப்புவது, பிற பகுதிகளின் நம்பகத்தன்மைக்கும் வலுச்சேர்க்கிறது.

முடிவுரை

மெலாங்தனின் வருகைக்குப் பின் கெடுபிடி தளர்ந்தது. ஆயினும் புதியவர்களைச் சேர்க்க மடத்துக்கு இசைவில்லை. தமக்குப்பின் வாசிக்கத் தம் வழியினர் இரார் என்னும் நிலையை எதிர்கொண்ட ஒரு சமூகம் காத்த ஆவணக்கட்டு இது. தன்வரலாறாக மட்டும் கொண்டால் ஒரு தலைவியின் துணிவே புலப்படும். சமூகத் தொகுப்பாகக் கொண்டால் எவரெவர் சொல் படியெடுக்கப்பட்டது, எவர் சொல் பிறரால் எழுதப்பட்டது என்னும் வினாவும் எழும். அவ்வினாவோடு வாசிப்பதே இந்நூலுக்கு நீதி செய்வதாகும்.