2025 எப்படிப் போனது? ஆண்டைத் திரும்பிப் பார்க்க நான்கு கருவிகள்

திருப்பதிக்கு 2025 ஓர் அபூர்வமான ஆண்டு. ஜனவரி 10 அன்று ஒரு வைகுண்ட ஏகாதசி, டிசம்பர் 30 அன்று இன்னொன்று. ஒரே ஆங்கில ஆண்டுக்குள் சொர்க்கவாசல் இரண்டு முறை திறந்தது. முதல் ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னதாக, ஜனவரி 8 அன்று, தரிசன டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஜூன், ஜூலையில் சித்தூர்ப் பக்கம் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தது. மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தருவதாக ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது.

ஊரின் ஆண்டைப் பத்திரிகைகள் குறித்துவைத்துவிடும். வீட்டின் ஆண்டை யார் குறிப்பது? பெண்ணுக்கு வேலை கிடைத்த நாள், அப்பாவுக்கு மூச்சுத் திணறிய இரவு, தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்று யோசித்த வாரம், பேச்சு நின்றுபோன சிநேகிதரோடு ராசியான மாலை. சில மாதங்களிலேயே இவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. டிசம்பர் பிறந்ததும் போன் தானாகவே பாட்டுப் போட்டு ஒரு வீடியோவை நீட்டுகிறது. அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்த வீடியோவை நம்பலாமா, வேறு நல்ல வழி உண்டா? இதைத் தெரிந்துகொள்ள நான்கு கருவிகள் சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில் பயன்படுத்திப் பார்க்கப்பட்டன: கூகுள் போட்டோஸ், டேலியோ, டே ஒன், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அச்சு டைரி. அளவுகோல்கள் மூன்று. ஏற்றத்தோடு இறக்கத்தையும் காட்டுகிறதா? தமிழில் எழுத வசதியாக இருக்கிறதா? எழுதியது நம் கையில் தங்குமா?

கூகுள் போட்டோஸ்: கேமரா பார்த்தது மட்டும்

மற்ற மூன்றுக்கும் இல்லாத ஒரு சௌகரியம் இதில் உண்டு. நாம் எதுவுமே செய்ய வேண்டாம். 2019-இல் வந்த ‘நினைவுகள்’ வசதி பழைய படங்களைத் தேதிவாரியாகத் தேடி எடுத்து முன்னால் வைக்கிறது. 2024 டிசம்பரில் இருந்து ஆண்டு முழுவதையும் சுருக்கிக் காட்டும் தொகுப்பும் சேர்ந்திருக்கிறது. மறந்தே போன பிறந்தநாள் ஒன்று திடீரென்று திரையில் வரும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது.

திருமலைப் பயணம் ஒன்றின் படங்களை வைத்துப் பார்த்தால் இதன் எல்லை விளங்கிவிடும். அலிபிரி பாதை மண்டபத்தில் ஒரு படம், 3,550 படிகளில் நடுவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது ஒன்று, மேலே லட்டுப் பையோடு ஒன்று. கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. முன்பே ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஆக, எந்த நொடிக்காக இத்தனை தூரம் ஏறி வந்தார்களோ அந்த நொடி கேலரியில் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த இரவும், மண்டியில் எடை போட்டு முடித்துக் கையில் வாங்கிய தொகையும் அப்படித்தான். கஷ்டமான நேரத்தில் யாரும் கேமராவைத் திறப்பதில்லை. படங்களிலிருந்து தொகுக்கப்படும் ஆண்டு, கட்டமைப்பிலேயே ஒருபக்கச் சாய்வு கொண்டது.

இறக்கம் படமாகப் பதிவாகியிருந்தாலோ வேறு ஆபத்து. அமெரிக்க இணைய வடிவமைப்பு வல்லுநர் எரிக் மேயரின் மகள் ரெபெக்கா, 2014 ஜூனில் ஆறு வயதில் மூளைப் புற்றுநோயால் இறந்தாள். அந்த டிசம்பரில் பேஸ்புக்கின் ஆண்டுத் தொகுப்பு, கொண்டாட்ட உருவங்களுக்கு நடுவே அவள் முகத்தைப் பதித்து, கேட்காமலேயே அவர் முன் கொண்டுவந்து நிறுத்தியது. மேயர் அதைப் பற்றி எழுதியபோது யார் மீதும் கோபப்படவில்லை. படத்தைக் காட்டுவதற்கு முன் பார்க்க விருப்பமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல வழி வையுங்கள் என்றார். அந்த வசதியைப் பொறுப்பேற்று நடத்திய அதிகாரி பிறகு மன்னிப்புக் கேட்டார்.

இன்று கூகுள் போட்டோஸின் நினைவுகள் அமைப்பில் குறிப்பிட்ட ஆட்களையும் தேதிகளையும் மறைத்து வைக்கலாம். அந்த ஆண்டில் யாரையாவது இழந்த வீடுகளில் டிசம்பருக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. இலவச இடம் 15 ஜிபி மட்டும். மெயிலும் டிரைவும் அதற்குள்தான் அடக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டேலியோ: தினம் ஒரு முகம்

இது எழுதுவதற்கே சோம்பல் படுகிறவர்களுக்கான டைரி. இரவு ஒன்பதரைக்கு நினைவூட்டல் வைத்தால் திரையில் ஐந்து முகங்கள் வந்து நிற்கும், மலர்ந்த முகத்தில் தொடங்கித் துவண்ட முகம் வரை. ஒன்றைத் தொட வேண்டும். அடுத்து, அன்று செய்தவற்றைக் காட்டும் சின்னங்கள். விரும்பினால் ஒரு வரிக் குறிப்பு, ஒரு படம். வேலை முடிந்தது.

நிறுவியதும் வரும் சின்னங்கள் வெளிநாட்டு நகர வாழ்க்கைக்குப் பொருந்துபவை. அவற்றை மாற்றுவதில்தான் செயலியின் பலமே தெரிகிறது. மனநிலைப் பெயர்களை ‘அமோகம், நல்லது, பரவாயில்லை, சரியில்லை, மோசம்’ என்று மாற்றியாயிற்று. செயல்களின் பட்டியலில் ‘தோட்டம், மண்டி, மோட்டார், கூலி ஆள், தவணை, ஆஸ்பத்திரி, கோயில், நடை’ என்று சேர்த்தாயிற்று. அதன்பின் செயலி இந்த மண்ணுக்கே செய்தது மாதிரி ஆகிவிடுகிறது. எந்தச் செயல் எந்த மனநிலையோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது என்று அது கணக்குப் போட்டுக் காட்டும்போது, ‘தவணை’ இருக்கும் நாள் எப்படியிருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதுதான். ‘நடை’ இருந்த நாட்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது அப்படி முன்கூட்டியே தெரியும் விஷயமில்லை. வாழ்க்கையில் எதைக் கொஞ்சம் கூட்டலாம் என்பதற்கு அது உண்மையான தடயம்.

ஆண்டு முழுவதையும் ஒரே திரையில் நிறக் கட்டங்களாகக் காட்டும் பக்கம் இதன் உச்சம். மேலே பன்னிரண்டு மாதங்கள், பக்கவாட்டில் தேதிகள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம். மாந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் 2025-ஐ இப்படிக் குறித்திருந்தால் ஜூன், ஜூலை வரிசைகள் எந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே கட்டத்தில் மே மாதத்துக் கங்கம்மா ஜாத்திரை நாட்களும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமும், முதல் மழையும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். ‘இந்த வருஷமே போச்சு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போனது எட்டு வாரம்தான் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இப்படிக் கண்ணால் பார்ப்பது ஏன் தேவை? டேனியல் கானமனும் சக உளவியலாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 டிகிரிக் குளிர்நீரில் 60 வினாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 வினாடியோடு கூடுதலாக 30 வினாடி. அந்த 30 வினாடியில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு ஏறியது. எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் நீண்ட வேதனையைத் தேர்ந்தெடுத்தார்கள், முடிவு சற்று இதமாக இருந்ததால். நினைவு எல்லா நாளையும் சமமாக எண்ணுவதில்லை. உச்சத்தையும் கடைசியையும் பிடித்துக்கொள்கிறது. டிசம்பர் எப்படி முடிகிறதோ அப்படித்தான் ஆண்டே இருந்தது என்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

குறைகளும் உண்டு. ஒரே நாளில் இரண்டு முகங்களைப் பதிந்தால் கட்டத்தில் சராசரி நிறம் விழுகிறது. காலையில் நிச்சயதார்த்தம், மாலையில் விபத்துச் செய்தி என்ற நாள் வெறும் ‘பரவாயில்லை’ ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் குறிப்பு எழுதாமல் விட்டால் பிற்பாடு எதுவும் புரியாது. தொடர்ச்சியாக எத்தனை நாள் பதிந்தோம் என்று எண்ணிக் காட்டுவது முதலில் உற்சாகம் தருகிறது, ஒரு நாள் விட்டுப்போனால் சோர்வு தருகிறது. இலவசப் பதிப்பில் விளம்பரங்கள் குறுக்கிடுகின்றன.

பதிவுகள் போனிலேயே இருப்பதால், அலிபிரிப் பாதையில் சிக்னல் விட்டுப்போன இடத்திலும் செயலி தடையில்லாமல் வேலை செய்கிறது. அதே காரணத்தால் போன் தொலைந்தால் ஆண்டும் தொலையும். கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ காப்பு எடுத்துக்கொள்வது பயன்படுத்துபவரின் பொறுப்பு.

இன்னொரு பயனும் உண்டு. ‘மோசம்’ என்ற முகம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது செயலி தீர்க்கக்கூடிய விஷயமில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். டாக்டரிடம் போகும்போது அந்த நிறக் கட்டத்தைக் காட்டினால், எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குத் துல்லியமான பதில் கையில் இருக்கும்.

டே ஒன்: எழுதுகிறவர்களுக்கு

2011-இல் ஐபோனிலும் மேக்கிலும் தொடங்கிய டே ஒன், 2021-இல் வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. பத்து வரியாவது எழுதக் கை துறுதுறுப்பவர்களுக்கு இதைவிட அழகான இடம் போனில் இல்லை. இடம், வானிலை, படம் எல்லாம் பதிவோடு சேர்ந்துகொள்கின்றன. முந்தைய ஆண்டுகளில் இதே தேதியில் எழுதியதை எடுத்துக் காட்டும் வசதிதான் இதன் உயிர். போன ஜூலையில் தீராது என்று நினைத்த பிரச்சினை இந்த ஜூலையில் வாசிக்கும்போது எவ்வளவு சிறுத்துவிட்டது என்பதை, அல்லது இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை, சொந்த வார்த்தையிலேயே பார்க்கலாம். பதிவுகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. அதற்கான சாவியைத் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் தடையின்றிப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும் என்பது இந்தியப் பயனாளருக்கு உறுத்தும். ஐபோன்காரர்கள் 2023 டிசம்பரில் வந்த ஆப்பிளின் இலவச ஜர்னல் செயலியை முதலில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

தமிழ் எழுதுவதில் எந்தச் செயலியிலும் சிக்கல் இல்லை. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013 முதலே உண்டு. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு குரல்வழித் தட்டச்சு நன்றாகவே வேலை செய்கிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத் தமிழ் வீடுகளில் பேச்சு தமிழாகவும் பள்ளிப் படிப்பு தெலுங்காகவும் இருப்பது சகஜம். அவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சு பெரிய வரம். ஒரே பதிவில் இரண்டு லிபிகளும் கலந்து நிற்கின்றன. தேடும்போதுதான் கவனம் வேண்டும். ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’ என்று எழுதியது அகப்படாது. அதனால் முக்கியமான விஷயங்களுக்கு மாறாத ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்வது உத்தமம்.

தேவஸ்தான டைரி: பழையதும் பலமானதும்

ஒவ்வோர் ஆண்டும் பிரம்மோற்சவத்தின்போது, பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்க வரும் முதலமைச்சர் கையால் அடுத்த ஆண்டுக்கான டைரியும் காலண்டரும் வெளியிடப்படுவது வழக்கம். சென்னை தியாகராய நகர் வெங்கட்நாராயணா சாலைத் தேவஸ்தானத்திலும் வாங்கலாம். சார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், நினைவூட்டல் மணி அடிக்காது. வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலவீனம். மனம்விட்டு எழுதக் கை தயங்கும். தேட முடியாது, நகலும் இல்லை. 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதியின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைத்தால், மாதம் ஒரு முறை பக்கங்களைப் படமெடுத்து வைப்பது அவசியம் என்று தோன்றுகிறது.

காகிதம் நிலைக்கும் என்பதற்குத் தமிழில் பெரிய சான்றே இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை எழுதிய நாட்குறிப்பில் வியாபார லாபமும் உண்டு, பதவிப் போட்டியும் மனக்கசப்பும் உண்டு. அது 1846-இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

இன்னொரு சான்று இந்த வட்டாரத்துக்கே உரியது. பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே.கிருஷ்ணமூர்த்தி. 1961 ஜூனில் தன் உணர்வுநிலைகளைத் தினமும் பென்சிலால் குறிக்கத் தொடங்கினார். ஏறக்குறைய அடித்தல் திருத்தலே இல்லாத அந்தக் குறிப்புகள் ஏழு மாதம் தொடர்ந்தன. 1976-இல் புத்தகமாக வந்தன. அந்த ஏழு மாதத்திலும் சுமார் பதினான்கு நாட்கள் எழுதாமல் விட்டிருக்கிறார். டேலியோவின் தொடர் எண்ணிக்கை அறுந்துவிட்டதே என்று செயலியையே நீக்கிவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விட்டுப்போன நாட்களோடும் ஆண்டு ஆண்டுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலோருக்கு டேலியோவே போதும். நல்ல நாளையும் கெட்ட நாளையும் ஒரே தட்டில் கேட்பது, தமிழுக்கு வளைந்து கொடுப்பது, ஆண்டை ஒரே பார்வையில் காட்டுவது, காப்பு எடுத்தால் எழுதியதைக் கையில் தங்கவைப்பது என எல்லாவற்றிலும் அது தேறுகிறது. விரிவாக எழுதுகிறவர்கள் டே ஒன்னுக்குப் போகலாம். போனே வேண்டாம் என்பவர்கள் தேவஸ்தான டைரியைத் தயங்காமல் வாங்கலாம். கூகுள் போட்டோஸ் துணைக்கு இருக்கட்டும். அதன் ஆண்டுத் தொகுப்பை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டேலியோவை எடுப்பவர்கள் ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவிய அன்றே மனநிலைகளின் பெயர்களையும் செயல்களையும் உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றுங்கள். மாதம் பிறந்ததும் ஒரு முறை காப்பு எடுங்கள்.