காட்டப்படாத நகைச்சுவை

ஆரன் ஸார்கின் எழுதிய ‘ஸ்டூடியோ 60 ஆன் தி ஸன்ஸெட் ஸ்ட்ரிப்’ 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.ஸி.யில் தொடங்கி, 22 பகுதிகளோடு 2007 ஜூனில் நின்றுபோயிற்று. மறுபடியும் முழுக்கப் பார்த்தேன். முதல் பகுதி இன்றும் நிற்கிறது. வாராவாரம் நேரடியாக ஒளிபரப்பாகும் நகைச்சுவை நிகழ்ச்சியின் தயாரிப்பாளன் (ஜட் ஹிர்ஷ்), ஒரு துணுக்கு நாடகத்தை வெட்டச் சொன்ன ஆத்திரத்தில் காமிரா முன் வந்து தொலைக்காட்சியையே ஏசுகிறான். ‘நெட்வர்க்’ (1976) படம் ஞாபகம் வருகிறதே என்று நாம் நினைப்பதற்குள் பாத்திரங்களே அதைச் சொல்லிவிடுகின்றன. ஸார்கினுக்கு முந்திக்கொள்ளத் தெரியும்.

ஆனால் வெட்டப்பட்ட அந்தத் துணுக்கு? மேதைமை என்கிறார்கள். நமக்குக் காட்டப்படுவதில்லை.

இங்குதான் எனக்கு விவகாரம். கவிஞனைப் பற்றிய நாடகத்தில் கவிதையை மறைத்துவிடலாம். டாக்டரைப் பற்றியதென்றால் அவன் செய்த சிகிச்சை சரிதானா என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. ஹாஸ்யம் அப்படியல்ல. அது அந்த க்ஷணத்திலேயே நிரூபணமாக வேண்டிய விஷயம். சிரிப்பு வந்தது அல்லது வரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது பகுதியில், கில்பர்ட்–ஸல்லிவனின் 1879ஆம் வருஷத்து மெட்டில் ஒரு கேலிப்பாட்டைப் பெரிய வாத்தியகோஷ்டியோடு பாடுகிறார்கள். கெட்டிக்காரத்தனம் நிறைய. அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அந்த ஆர்ப்பரிப்பு நமக்கு இடப்படும் உத்தரவு என்றே எனக்குப் படுகிறது.

‘தி வெஸ்ட் விங்’கில் (முதல் நான்கு வருஷங்கள் ஸார்கினுடையவை) இதே பேச்சுவேகம் பொருந்தியது. அங்கே வாக்கியத்துக்குப் பின்னால் யுத்தமும் சட்டமும் இருந்தன. இங்கே ஒரு துணுக்குக்காகத் தேசத்தின் ஆத்மாவே பணயம் வைக்கப்படுகிறது. அதே 2006இல் அதே அலைவரிசையில் தொடங்கிய டினா ஃபேயின் ‘30 ராக்’ தன் துணுக்குகளை அசட்டுத்தனமாகவே வைத்துக்கொண்டது. 2013 வரை ஓடியது. அது பெரிய கலை என்று சொல்ல வரவில்லை. பொய் வாக்குறுதி தரவில்லை, அதுதான் வித்தியாசம்.

ஆனாலும் விட்டுவிட முடியவில்லை. காரணம், எழுத்தாளன் மாட்டின் அறைச் சுவரிலிருக்கும் கடிகாரம். ஒளிபரப்புக்கு மிச்சமிருக்கும் நேரத்தை அது கீழ்நோக்கி எண்ணுகிறது. ஒரு வாரத்து நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்த வாரத்துக்கு எண்ண ஆரம்பிக்கிறது. வெற்றி என்பதற்கு இங்கே ஆயுள் கிடையாது. எழுதி ஜீவிப்பவனின் பயம் வசனமேதுமின்றி இந்த ஒரு பொருளில் இறங்கியிருக்கிறது.

மாட்டாக நடித்த மாத்யு பெர்ரி 2023 அக்டோபரில் இறந்தார். தன் போதைப் பழக்கத்தைப் பற்றி 2022இல் புத்தகமே எழுதினவர். தொடரின் பிற்பகுதியில் மாட் மாத்திரைகளை விழுங்கும் காட்சிகள் இப்போது கனத்துவிட்டன என்கிறார்கள். கனத்தது நம் மனசு. காட்சி முன்பிருந்தபடிதான் இருக்கிறது. நடிகனின் சாவைப் பிரதிக்குள் கடத்திவந்து மதிப்பெண் போடுவது விமர்சனமாகாது. பெர்ரிக்கு அந்தச் சலுகை தேவையுமில்லை. ‘ஃப்ரண்ட்ஸ்’ஸில் (1994–2004) பழகிய தாளத்தை இதில் பாதி விழுங்கிவிட்டுப் பேசுகிறார். நடைவழியில், கதவோரத்தில், டெலிபோனில் அவர் வாய் திறந்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. கதைப்படி அவர் மேடையேறாதவர்.