நிலவறைத் தாளம்

இந்த ஆண்டு மலருக்கு இசை பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டவர், வழக்கம்போல ஒரு ராகத்தையோ ஒரு வித்வானையோ எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். இந்த முறை ராக் இசை. அதற்குக் காரணம் என் அக்கா மகன்.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன். கல்லூரி நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு குழு வைத்திருக்கிறான். அவன் டிரம்ஸ். எந்த இசை நிறுவனமும் இதுவரை இவர்களைச் சீந்தியதில்லை. சென்ற குளிர்காலத்தில் தெற்கு தில்லியில் ஒரு காபிக் கடையின் கீழ்த்தளத்தில் வாசிக்க இடம் கிடைத்தது. "மாமா, நீங்க கட்டாயம் வரணும். பிடிக்கலைன்னா பாதியிலே எழுந்து போயிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றான். போனேன். ஐம்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற அறை. முதல் பத்து நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது. அப்புறம் என்னவோ ஆயிற்று. டிரம்ஸின் அடி தரை வழியாக என் கால்களுக்கு வந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கால்களைப் பார்த்தபடியே அவன் அடித்தான். முடிய வேண்டிய இடத்தில் பாட்டு முடியாமல் இன்னொரு சுற்றுப் போயிற்று. முன்வரிசை ரசிகரின் தலையசைப்பைப் பார்த்துவிட்டு வித்வான் இன்னும் நாலு ஆவர்த்தனம் ஸ்வரம் பாடுவாரே, அதேதான்.

மறுநாள் அதன் பதிவைக் கைபேசியில் அனுப்பினான். கேட்டேன். டப்பா தட்டுகிற சத்தம்! "நேத்து நல்லா இருந்துதேடா?" என்றேன். "அதான் மாமா பிரச்சினையே" என்றான்.

இது பழைய பிரச்சினை. இதற்கு முன்னால் இதில் மாட்டிக்கொண்டு பெயர் கெட்டுப்போனவர் ஒருவர் உண்டு. அவர் மதராஸில் பிறந்தவர்.

பீட்டில்ஸ் என்றால் நமக்கு நான்கு பெயர்கள் தெரியும். ரிங்கோ ஸ்டார் வருவதற்கு முன், 1960 ஆகஸ்ட் முதல் 1962 ஆகஸ்ட் வரை அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட். 1941 நவம்பர் 24 அன்று மதராஸில் பிறந்தார். அவர் தாயார் மோனா 1924-இல் நம் தில்லியிலேயே பிறந்தவர். உலகப் போர் முடிந்த கையோடு, 1945 இறுதியில், குடும்பம் லிவர்பூலுக்குக் கப்பல் ஏறியது.

மோனா பெஸ்ட் சாதாரணப் பெண்மணி அல்லர். 1954 டெர்பி பந்தயத்தில் 33-க்கு 1 என்றிருந்த 'நெவர் சே டை' என்ற குதிரை மீது, நகைகளை அடகு வைத்த பணத்தைக் கட்டி ஜெயித்தார். அதுதான் பிறகு ஹேமன்ஸ் கிரீன் தெருவில் பெரிய பழைய வீடு வாங்க உதவியது என்று குடும்பத்தார் சொல்வார்கள். (நம் வீட்டுப் பெண்மணிகள் நகையை அடகு வைத்துப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவார்கள். இவர் குதிரை மேல் கட்டினார்.) லண்டன் காபிக் கடை ஒன்றில் இளைஞர்கள் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர், தம் வீட்டு நிலவறையையே அப்படி ஆக்கிவிடலாமே என்று நினைத்தார். பையனும் அவன் சிநேகிதர்களும் எப்படியும் அங்கேதான் கிடந்தார்கள்.

'காஸ்பா காபி கிளப்' 1959 ஆகஸ்ட் 29 அன்று திறந்தது. தாழ்ந்த கூரை, சிறு சிறு அறைகள். மது கிடையாது, காபியும் தின்பண்டமும்தான். முதல் நாளே சுமார் 300 பேர். வாசித்தவர்கள் குவாரிமென் என்ற பெயரில் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், கென் பிரவுன் என்ற நான்கு கிடார்க்காரர்கள். திறப்பதற்கு முன் சுவருக்கும் கூரைக்கும் சாயம் அடித்ததிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. டிரம்ஸ் கிடையாது! கேட்டால், தாளம் கிடாரிலேயே இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பார்களாம். மிருதங்கக்காரர் வராத கச்சேரிக்கு நாமும்தான் சமாதானம் சொல்லியிருக்கிறோம்.

சம்பளம் ஆளுக்கு 15 ஷில்லிங். அக்டோபர் 10 அன்று பிரவுனுக்கு உடம்பு சரியில்லை, வாசிக்கவில்லை. ஆனாலும் மோனா அவருக்கும் கூலியைக் கொடுத்தார். மற்ற மூவரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் நோக்கில் மோனா செய்ததே சரி. ஆனால் பதினாறு, பதினேழு வயதில் 15 ஷில்லிங் பெரிய விஷயம்தான்.

அடுத்த ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க அழைப்பு வந்தபோது அவர்களுக்கு அவசரமாக டிரம்மர் தேவைப்பட்டார். பீட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே சனி ஞாயிறுகளில் இரவுக்கு ஆறு மணி நேரம் வாசிப்பு, கேட்பவர்கள் குடித்துவிட்டு ஆட வந்தவர்கள். அந்தக் கூட்டத்தைக் கட்டி நிறுத்த பீட் கண்டுபிடித்த வழி எளிது: காலால் அடிக்கும் பெரிய டிரம்மை நாலு எண்ணிக்கையிலும் விடாமல் அடிப்பது. லிவர்பூல் திரும்பி டிசம்பர் 17 அன்று அதே காஸ்பாவில் வாசித்தபோது ஊர்ப் பிள்ளைகள் அசந்துபோனார்கள். அந்த அடிக்கு 'அணு அடி' என்றே பெயர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து அல்ல, அடுத்த ஒன்றரை ஆண்டு முழுக்க அந்தக் குழுவுக்கு ஊரில் இருந்த பெயரில் இந்த அடிக்குப் பங்கு உண்டு.

பிறகு பதிவறை வந்தது. 1962 ஜனவரி 1 காலையில் லண்டனில் டெக்கா நிறுவனத்தின் தேர்வு, 15 பாடல்கள். தங்கள் ஆம்ப்ளிஃபையரைக்கூட விட்டுவிட்டு நிறுவனத்துடையதையே பயன்படுத்த வேண்டியிருந்தது. ஆடுகிறவர்கள் யாரும் இல்லை. அந்தப் பதிவை இன்று கேட்டால் நான்கு பேருமே பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள். பாடும் குரல்களில் நடுக்கம், டிரம்ஸில் சப்பென்ற ஒலி. டெக்கா வேண்டாம் என்றது. ஜூன் 6 அன்று ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் 'லவ் மீ டூ' பதிவானது. அதைக் கேட்ட தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப்பதிவுக்கு வேறு டிரம்மரை வைத்துக்கொள்வதாக மேலாளர் பிரையன் எப்ஸ்டைனிடம் சொன்னார். ஆகஸ்ட் 16 அன்று எப்ஸ்டைன் பீட்டைக் கூப்பிட்டு விலக்கினார். கூட வாசித்த மூவரில் ஒருவரும் நேரில் வந்து சொல்லவில்லை.

விமரிசகர்கள் பொதுவாக இங்கே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: பீட் பெஸ்ட் திறமை போதாதவர், ஆதாரம் இதோ ஒலிநாடா. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் பரிவினால் பொய் சொல்லவும் கூடாது. 1995-இல் வெளிவந்த 'ஆந்தாலஜி' முதல் தொகுப்பில் அந்த ஜூன் பதிவு இருக்கிறது. அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. நடுவில் ஒரு இடத்தில் கையைத் தூக்கினான். "மாமா, இங்க பாருங்க, நடையை மாத்தறான். மாத்தினதும் ஓடறான், திரும்பி வரும்போது தடுமாறறான்." இன்னொரு முறை கேட்டேன். உண்மைதான், அந்த இடத்தில் காலப்பிரமாணம் நிற்கவில்லை.

சரி, ஒப்புக்கொள்வோம். அதோடு இதையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் 4 அன்று அதே பாட்டை ரிங்கோ வாசித்தார். அதிலும் மார்ட்டினுக்குத் திருப்தி இல்லை. 11-ஆம் தேதி ஆண்டி ஒயிட் என்ற பதிவறைக் கலைஞரை உட்கார வைத்துவிட்டு, ரிங்கோ கையில் டாம்புரினைக் கொடுத்தார்கள். உலகமே பிற்பாடு கொண்டாடிய டிரம்மருக்கே அந்த அறையில் இந்த நிலை என்றால், அந்த அறையின் அளவுகோல் வேறு என்றுதான் அர்த்தம். மைக்குக்கு முன் வேண்டியது சிக்கனமும் துல்லியமும். நிலவறையில் வேண்டியது, வேர்வையில் நனைந்த கூட்டத்தைத் தூக்கி நிறுத்துகிற பலம். ரிங்கோ முதலாவதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார், இரண்டாவதும் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதனால் அவர் பெரிய கலைஞர். பீட்டுக்குக் கற்றுக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை. ஒருவேளை கற்றிருக்கவே மாட்டார். ஆனால் இரண்டாண்டுகள் அவர் செய்த வேலையை, அந்த வேலை நடக்காத இடத்தில் எடுத்த நாடாவை வைத்து அளப்பது என்ன நியாயம்? கோயில் திருவிழாவில் ஊரையே எழுப்புகிற தவில்காரரை வானொலி நிலையத்துச் சின்ன அறையில் உட்கார வைத்து மார்க் போடுகிற கதைதான்.

காஸ்பாவில் அந்த ஆண்டுகளின் ஒலியை யாராவது நல்லபடி பதிவு செய்திருந்தால் வழக்கு வேறு மாதிரி நடந்திருக்கும். நமக்குக் கிடைப்பது சாட்சி மட்டும். பீட் விலக்கப்பட்ட ஆறாம் நாள், ஆகஸ்ட் 22 அன்று, லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் கிரனடா தொலைக்காட்சி அவர்களைப் படம் எடுத்தது. ரிங்கோ நன்றாகவே வாசிக்கிறார். பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் பீட் வேண்டும் என்று கேட்கிறது. அந்தக் குரலுக்கு உரியவருக்கு ஒலிநாடா பற்றித் தெரியாது. தன் காலுக்கு எது வந்தது என்று தெரியும்.

ஈ.எம்.ஐ. ஒப்பந்தத்தில் உள்ள தேதி 1962 ஜூன் 4. ஜூன் 24 அன்று காஸ்பா மூடப்பட்டது. கடைசியாக வாசித்தவர்களும் பீட்டில்ஸ்தான். மோனா 1988-இல் காலமானார். 2006-இல் அந்த நிலவறையைப் பாதுகாக்க வேண்டிய இடமாக அரசு பட்டியலில் சேர்த்தார்கள். லெனனும் மெக்கார்ட்னியும் சாயம் பூசிய கூரைகளைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே சொசைட்டியில்தான். கார் நிறுத்தும் கீழ்த்தளத்தின் ஒரு மூலையில் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை நிறுத்தச் சொல்லி எழுதிய கடிதத்தில் பதினோரு கையெழுத்துகள். நாலாவது என்னுடையது. அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த மலரைப் படித்துத் தெரிந்துகொள்வாள். போன மாதம் சொசைட்டிச் செயலாளரிடம் போய், என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மனிதர் சிரித்துவிட்டு, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூடாது, பொறுப்பு உங்களுடையது, எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.