அந்தி வானும் கரிய உருவும்

ஒளியைக் கொண்டு எழுதுவது ஒளிப்படக்கலை. அக்கலையில், ஒளியை மறைத்து நிற்கும் பொருளைக் கருநிழலுருவாகப் பதிக்கும் முறை மிக எளிதிற் கைகூடுவதாகும். மறையும் ஞாயிற்றை நோக்கிக் கமராவைத் திருப்பி, வானின் ஒளிக்கேற்ப அளவைப் பொருத்தினாற் போதும். முன்னிற்கும் மரமும் மனிதரும் தாமாகவே கருமையுறுவர். மூடுபனியும் உடன்கூடின், பின்னுள்ளவை வெளிறி மறைய, முன்னுள்ள உருவம் தனித்து விளங்கும். இவ்வெளிமையே அம்முறைக்கு இழுக்காகவும் முடிந்தது. நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் இத்தகைய படங்கள் மலிந்தமையால், இது வெற்றலங்காரமென ஒதுக்குவாரும் உளர். அது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

கருநிழலுரு முகம், நிறம், திரட்சி ஆகிய மூன்றையும் இழக்கின்றது. எஞ்சுவது புறவரை ஒன்றே. அவ்விழப்பினாற் புதுப்பொருள் பிறக்கின்றதா என வினவுதலே இதனை மதிப்பிடும் அளவுகோலாகும்.

சுவீடன் நாட்டு நெறியாளர் இங்மார் பேர்க்மன் 1957 இல் வெளியிட்ட 'ஏழாவது முத்திரை' என்னும் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும். கொள்ளைநோய் பரவிய காலத்திற் சிலுவைப்போரினின்று மீண்ட வீரன் ஒருவன், கூற்றுவனோடு சதுரங்கமாடித் தன் முடிவைத் தள்ளிப்போடுகின்றான். இறுதியில், கூற்றுவன் முன்செல்ல, வீரனும் அவனைச் சார்ந்தோரும் கைகோத்து மேட்டு முகட்டில் ஆடிச்செல்லும் தோற்றத்தை யோவ் என்னும் கூத்தாடி காண்கின்றான். வானம் மங்கி ஒளிர, உருவங்கள் யாவும் கரியன.

இக்காட்சி பிறந்த கதையைப் பேர்க்மனே கூறியுள்ளார். ஹோவ்ஸ் ஹல்லார் என்னும் கடற்கரைப் பாறைப்பகுதியில் அன்றைய வேலை முடிந்து, நடிகர் பலரும் சென்றுவிட்டனர். அவ்வேளை வானில் அரியதொரு முகில் தோன்றிற்று. உடனே உதவியாளரும் மின்தொழிலாளரும், விடுமுறைக்கு வந்திருந்த இருவரும் நடிகரின் உடைகளை அணிந்து ஆட, முகில் கலையுமுன் ஒளிப்பதிவாளர் குன்னார் பிஷர் அதனைப் பதிந்துகொண்டார். மாலை வானம் கதையிற் காலை வானமாயிற்று.

நடித்தவர் வேறு, ஆடியவர் வேறாயின், காண்போர் ஏமாற்றப்பட்டனரோ எனின், அன்று. முகம் தெரியாமையே அக்காட்சியின் பொருள். கூற்றுவன் முன்னிலையில் வீரனென்றும் கொல்லனென்றும் வேறுபாடில்லை. முகமிழந்தோர் யாவருமாகலாம். ஆதலின் பெயரறியாத வழிப்போக்கர் அவ்வரிசையிற் கைகோத்தமை குறையன்று; பொருத்தமேயாம்.

ஆயினும், முகிலே இக்காட்சியை ஆக்கிற்று என்பதும் பிழை. அதற்குமுன் ஒன்றரை மணிநேரமாக அம்மாந்தரின் முகங்களை அண்மையிற் காட்டி, அவர்தம் அச்சத்தையும் நகையையும் பேர்க்மன் பழக்கியிருந்தார். அறிந்த முகங்கள் மறைவதனாலேயே நெஞ்சு கனக்கின்றது. தற்செயலாய் வந்த முகிலுக்கு, முன்னரே ஆயத்தமான ஓரிடம் காத்திருந்தது.

தனிப்படத்திற்கோ இவ்வாய்ப்பில்லை. அங்குப் புறவரை ஒன்றே அனைத்தையும் சுமத்தல் வேண்டும். சுமைதூக்கியின் வளைந்த முதுகோ, துடுப்பூன்றும் கையோ, தாயின் விரலைப் பற்றிய சிறு கரமோ வாழ்வைக் கூறுமாயின், அப்படம் நிற்கும். அஃதின்றி வானின் அழகையே நம்பி நிற்கும் உருவம், படத்திலிருந்து நீக்கப்படினும் இழப்பொன்றுமில்லை. கமராவைக் கையிலேந்தும் மாணவர், ஞாயிறு மறையுமுன் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா ஒன்றே: இவ்விருள் எதையேனும் உணர்த்துகின்றதா, அன்றி மறைக்க மட்டுமே செய்கின்றதா?