துளையைப் பார்த்து மெஷினை வாங்குங்கள்

கோவை கணபதியில் நண்பரின் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு சிஎன்சி கட்டிங் மெஷின் தேடி ஒரு மாதம் அவரோடு அலைந்தேன். போன இடமெல்லாம் மயிலும் பிள்ளையாருமாக வெட்டிய மாதிரிகளைக் காட்டினார்கள். நாங்கள் எங்கள் தகட்டையும் டிராயிங்கையும் கையோடு கொண்டுபோயிருந்தோம். 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் ஒரு மோட்டார் பிராக்கெட். எம்6 போல்ட் இறங்க 6.6 மி.மீ. துளை நான்கு. பட்டறையின் அன்றாட வேலை அதுதான்.

முதலில் பிளாஸ்மா. வேகத்தில் குறையில்லை. ஆனால் அது வெட்டும் கோட்டின் அகலமே ஒரு மி.மீ.க்கு மேல். துளை மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று சரிந்திருந்தது. வெட்டு முடிந்த இடத்தில் ஒரு சின்ன மேடு வேறு. அடியில் ஒட்டிய கசடைத் தட்டி, டிரில் விட்டுத் திருத்திய பிறகே போல்ட் இறங்கியது. இந்த நேரம் விலைப்பட்டியலில் இருக்காது, கூலிக் கணக்கில் வரும்.

அதே டிராயிங்கை 1.5 கிலோவாட் ஃபைபர் லேசரில் போட்டோம். வெட்டிய சூடு ஆறியதும் போல்ட் கையாலேயே இறங்கியது. நண்பர் அங்கேயே முடிவுக்கு வந்துவிட்டார். நான்தான் கேஸ் செலவைக் கேட்கச் சொன்னேன். எம்.எஸ்.ஸுக்கு ஆக்சிஜன், விளிம்பு கறுக்காமல் எஸ்.எஸ். (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) வெட்ட உயர் அழுத்த நைட்ரஜன். நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்த வேகம் மலைக்க வைத்தது. மெல்லிய தகட்டுக்குக் கம்ப்ரசர் காற்றும் ஒத்துவரும். ஆனால் ஈரமோ எண்ணெயோ கலந்து வந்தால் லென்ஸைக் காக்கும் கண்ணாடி பாழாகும். எனவே காற்றை உலர்த்தும் டிரையர், லேசரைக் குளிர்விக்கும் சில்லர், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் மூன்றையும் விலையோடு சேர்த்தே கூட்டிப் பாருங்கள்.



கேட், கிரில், எப்படியும் வெல்டிங்கில் மறையப்போகும் 10 மி.மீ. பேஸ் பிளேட் என்றால் பிளாஸ்மாவே சரி. துளை துல்லியமாக வேண்டிய மெல்லிய தகடு என்றால் ஃபைபர். வேலை தொடர்ந்து வராத பட்டறை, இரண்டையும் வாங்காமல் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தகட்டில் பட்டுச் சிதறினாலும் விழித்திரையை எரித்துவிடும். அடைப்புக் கூண்டு இல்லாத திறந்த மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.