மங்கள்யானின் நீள்வட்டம்

2013 நவம்பர் 5 அன்று இந்தியாவின் செவ்வாய்க் கலமான மங்கள்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எல்லோரும் அதன் குறைந்த செலவைப் புகழ்ந்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் சுற்றுப்பாதை.

2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்தபோது, வேகத்தைத் தணிக்க இருந்த எரிபொருள் கொஞ்சம்தான். அதனால் பாதை நீண்டு மெலிந்தது: ஒரு முனையில் தரையிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர், மறுமுனையில் ஏறக்குறைய 77,000. ஒரு சுற்றுக்கு மூன்று நாள். இந்தச் சிக்கனம்தான் பெரிய கொடையாயிற்று. எட்டப் போனதும் அதன் வண்ணக் கேமரா முழுக் கோளையும் ஒரே படத்தில் பிடித்தது. அருகே வந்தபோது மென்கா என்ற கருவி அங்குள்ள மெல்லிய காற்றின் கூறுகளை அளந்தது.

எல்லாவற்றையும்விட அழகு, டீமோஸ் படம். அந்தச் சின்ன நிலா செவ்வாய்க்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும். தாழப் பறக்கும் கலங்களுக்கும் அதே முகம்தான் கிடைக்கும். மங்கள்யானோ டீமோஸின் பாதையையும் தாண்டி வெளியே போய் அதன் மறுபக்கத்தைப் படமெடுத்தது! 2020 ஜூலையில் இன்னொரு நிலவான ஃபோபோஸையும் 4,200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பிடித்தது; அதில் ஸ்டிக்னி பெரும்பள்ளம் துலக்கமாகத் தெரிகிறது. ஆறு மாதத்துக்கென்று செய்த கலம், ஏழு ஆண்டுக்கும் மேல் உழைத்தது.