நினைவுக் கலங்களும் தொகையிலக்கணமும்

நிகழ்ச்சி ஒன்றை மறவாதிருக்கும் பொருட்டுக் கலம் செய்து வைப்பது மாந்தரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு. அம்மரபு இக்காலத்தில் பெற்றுள்ள வடிவங்களுள் ஒன்று, ஸ்காட்லாந்து நாட்டுக் கலவை விஸ்கியை நிரப்பி விற்கப்படும் நினைவுச் சாடி. இத்தகைய சாடிகளை முத்திரை கலையாமல் தேடிச் சேர்ப்போர் உலகின் பல பகுதிகளிலும் உள்ளனர். கண்ணாடிப் பேழையில் வரிசையாக நிற்கும் பீங்கான் சாடிகளைக் காண்பார், அது செல்வர் பொழுதுபோக்கு என்று சொல்லி அகன்று விடுவர். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பயிற்றும் தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்ற வினாவும் எழலாம். சேர்ப்போர் பெரும்பாலும் அம்மதுவை உண்பதில்லை. உண்டால் சாடியின் விலை குறைந்துவிடும். ஆகவே இங்கு ஆராயத்தக்கது குடியன்று; தொகுத்தல் என்னும் செயலே. எட்டுத்தொகையை முதுசொமாக உடைய மொழியினர்க்கு அச்செயலைத் திறனாயும் உரிமை நிறையவே உண்டு.

சாடியின் வரலாறு

1953ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் எலிசபெத் அரசியார் முடிசூடினார். அதனை முன்னிட்டுச் சிவாஸ் பிரதர்ஸ் நிறுவனத்தார் ‘ராயல் சல்யூட்’ என்னும் கலவை விஸ்கியை வெளியிட்டனர். அரச மரியாதையாக முழங்கும் 21 பீரங்கி வேட்டுகளே அப்பெயர்க்குக் காரணம். அதற்கேற்ப 21 ஆண்டுகள் மரமிடாவில் முதிர்ந்த மதுவே அதில் சேர்க்கப்பட்டது. பெர்த் நகரத்து ஆர்தர் பெல் நிறுவனத்தாரோ, தம் குடிப்பெயர் ஆங்கிலத்தில் மணியைக் குறிப்பதனால், மணி வடிவான பீங்கான் சாடிகளைச் செய்வித்தனர். 1981இல் இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்திற்கு ஒரு சாடி. 1982இல் வில்லியம் பிறந்தமைக்கு ஒரு சாடி. 1986இல் இளவரசர் ஆண்ட்ரூவின் திருமணத்திற்கு மற்றொன்று என அவ்வரிசை நீண்டது. 2012இல், அரசியார் ஆட்சியின் 60ஆம் ஆண்டு நிறைவுக்கு, ஜான் வாக்கர் நிறுவனத்தார் 1952இல் வடித்த மதுவைக் கலந்து 60 பளிங்குச் சாடிகளே செய்தனர். ஒன்றின் விலை 1,00,000 பவுன்.

இம்மதுவின் இயல்பில் கருதத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன. மால்ட் எனப்படும் முளைத்த வாற்கோதுமையின் வடிப்பையும், பிற தானியங்களின் வடிப்பையும், பல ஆலைகளிலிருந்து பெற்றுக் கலப்பதே கலவை விஸ்கி. அதன் மேல் பொறிக்கப்படும் அகவை, கலந்தவற்றுள் மிக இளையதன் அகவையாகும். இஃது ஒன்று. மரமிடாவில் உள்ளவரையில்தான் அம்மது முதிரும். சாடியில் அடைத்த பின்னர் நூறாண்டு கிடந்தாலும் முதிராது. இஃது இரண்டாவது. எனவே சேர்ப்போன் கையிலுள்ள சாடிக்குள் காலம் நின்றுவிடுகிறது. வெளியே விலை ஏறுகிறது. உள்ளே ஏறுவது எதுவுமில்லை. முத்திரை காத்தாலும் தக்கை வழியே மது சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைவதும் உண்டு. பீங்கான் சாடியில் அக்குறை கண்ணுக்குத் தெரியாது. நிறுத்துப் பார்த்தே அறிதல் வேண்டும்.

தொகுப்பவன் யார்?

வழிநூலின் வகைகளைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், தொகுத்தல் என்பதனை முதலில் வைத்தார். தொகுத்தல் என்பது கிடைத்தவற்றைக் குவித்தல் அன்று. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எதன்பின் எதனை நிறுத்துவது, எவ்வாறு குறிப்பெழுதுவது என்னும் தெளிவெல்லாம் அதனுள் அடங்கும். புறநானூற்றைத் தொகுத்தவர் பெயர் கிடைத்திலது. ஆயினும் அவர் அறிவு நூலெங்கும் விளங்குகிறது. பாட்டின் அடியில் திணையும் துறையும் குறித்து, பாடினார் இன்னார், பாடப்பட்டார் இன்னார் எனக் காட்டும் குறிப்புகள் இல்லையேல், 1894இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது தமிழர்க்குக் கிடைத்த வரலாற்றில் பெரும்பகுதி கிடைத்திராது.

இவ்வளவுகோலை நினைவுச் சாடிக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். சாடி வரிசைக்கு ஒழுங்கு உண்டு. ஆண்டு முறையே அது. குறிப்பும் உண்டு, சாடியின் உடலிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் நினைக்கத் தக்கது எது என்று தேர்ந்தவன் சேர்ப்போன் அல்லன், விற்றவனே. எத்திருமணம் நினைவு கொள்ளப்படும், எத்தனை சாடிகள் செய்யப்படும், அதன் மேல் என்ன எழுதப்படும் என்பன எல்லாம் வணிகன் மனையிலே முடிந்து போகின்றன. சேர்ப்போனுக்கு எஞ்சுவது விடுபட்டதை வாங்கி வரிசையை நிரப்பும் வேலையே. சொல்லப்போனால், பல ஆலைகளின் வடிப்பை மோந்து தேர்ந்து அளவறிந்து கலந்த கலப்போனே இங்கு உண்மையான தொகையாசிரியன். அவன் பெயரோ பெரும்பாலும் சாடியில் இடம்பெறுவதில்லை.

இரண்டு தாழிகள்

புறநானூற்றில் குயவனை விளித்துப் பாடிய பாட்டுகள் இரண்டு உள்ளன. 228ஆம் பாட்டில், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனுக்குத் தாழி வனையப் புகுந்த குயவனை நோக்கி இரங்குகிறார் ஐயூர் முடவனார். அத்துணைப் பெரியோனை அடக்கும் தாழிக்கு உலகையே திகிரியாகவும் மலையையே மண்ணாகவும் கொள்ள உன்னால் இயலுமோ என்பது அவர் வினா. 256ஆம் பாட்டில் பேசுபவள் ஒரு பெண். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு உடன்செல்லும் பல்லிபோலக் கணவனோடு சுரம் பல கடந்து வந்தவள். அவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனைக என்று குயவனை வேண்டுகிறாள். அவள் பெயர் தெரியவில்லை. கணவன் பெயர் தெரியவில்லை. பாடிய புலவர் பெயரும் தெரியவில்லை.

தொகுத்தவரின் பெருமை இவ்விடத்தில்தான் விளங்குகிறது. வேந்தன் தாழிக்குத் தந்த இடத்தைப் பெயரில்லாப் பெண்ணின் தாழிக்கும் அவர் தந்தார். பெயர் இல்லை என்று தள்ளினாரில்லை. இரண்டு பாட்டிலும் கலம் வனையும் குயவனே முன்னிலையில் நிற்பதும் நோக்கத்தக்கது. முற்கூறிய சாடி வரிசைகளில் வேந்தன் தாழி மட்டுமே உண்டு. 256ஆம் பாட்டுக்கு அங்கு இடமில்லை. இதுவே அவ்வழக்கின் பெருங்குறை.

ஔவையார் வினா

நினைவும் மதுவும் கலமும் ஒருங்கே வரும் இடமும் அந்நூலில் உண்டு. அதியமான் இறந்தபின் அவனுக்கு நடுகல் நட்டு, பீலி சூட்டி, வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் ஊற்றிப் படைக்கின்றனர். மலையொடு நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று 232ஆம் பாட்டில் ஔவையார் கேட்கிறார். 235ஆம் பாட்டில், சிறிதளவு கள் கிடைத்தால் அதனைப் பிறர்க்கே ஈந்துவிட்ட அவன் பண்பை நினைந்து அழுகிறார். கலத்தின் விலையை அவர் எண்ணினாரில்லை. நினைக்கப்படுவோனின் பெருமையைக் கலம் தாங்குமோ என்றே எண்ணினார். அன்றியும் அக்கள் படைக்கப்பட்டது, பகிரப்பட்டது, பூட்டி வைக்கப்படவில்லை. நினைவுச் சாடிகளுக்கு இதனினும் கூரிய திறனாய்வு வேண்டுவதில்லை.

தோட்டத்துக் கலங்கள்

1953இல் அம்முடிசூட்டின் நினைவாக ஜொகூரிலும் 10 காசு அஞ்சல்தலை வெளிவந்தது. 1955இல் சுல்தான் இப்ராகிமின் வைரவிழாவுக்கும் ஓர் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அரசர் நினைவுகளைக் காக்க அரசும் வணிகமும் உள்ளன. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களில் தமிழர் அறிந்த மதுக்கலம் கள்ளுக்கடைக் குவளையே. அதன் கேட்டை உணர்ந்து, கள்ளுக்கடைகளை மூடுக என்பதனை 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் தம் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் அதற்கெனவே போராடினர். அவர்களை நினைந்து எந்நிறுவனமும் கலம் செய்து விற்றதில்லை. விலை கொடுப்பார் இல்லாத நினைவை வணிகன் செய்யான்.

ஜொகூர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பால்மரத்தில் கட்டியிருந்த பீங்கான் மங்கு, தோள் காய்த்துப்போகச் சுமந்த காண்டா, பால்வெட்டுக் கத்தி ஆகியன அங்கங்கே ஒன்றிரண்டு எஞ்சியுள்ளன. அரசர் திருமணச் சாடியும் பீங்கானே, மங்கும் பீங்கானே. ஒன்று பேழையில் ஏறிற்று. மற்றொன்று குப்பையில் விழுந்தது. மண் இரண்டுக்கும் குறை வைக்கவில்லை. குறை வைத்தது தொகுப்போர் கண்ணே.

சாடி சேர்ப்போரிடம் கற்கத்தக்கனவும் உண்டு. ஒன்றேனும் உடையாமல் காக்கும் கருத்தும், ஆண்டு பிறழாமல் வரிசை செய்யும் பொறுமையும், விடுபட்டதைத் தேடி அலையும் ஊக்கமும் போற்றத்தக்கன. அவ்வூக்கத்தோடு தொகையாசிரியரின் தேர்வும் சேர்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் ஒரு பேழை வைத்து, மாணவர் கொண்டுவரும் மங்குக்கும் வாளிக்கும் எத்தோட்டம், எவ்வாண்டு, யார் கைப்பட்டது எனக் குறிப்பெழுதிவைக்குமாயின், அதுவே தொகை நூற்பயிற்சியாகும். கைப்பட்டார் பெயர் தெரியவில்லையெனின் தெரியவில்லை என்றே எழுதலாம். 256ஆம் பாட்டு அவ்வாறுதான் நிலைபெற்றது. குறிப்பெழுத அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவருகின்றனர் என்பதனை மட்டும் மறத்தலாகாது.